நடுவட்டத்துக் குழி

பந்து வாங்குவதற்கு முன்பே அவர்கள் ரப்பர் முத்திரை செய்துவிட்டார்கள். ‘இளங்கதிர் விளையாட்டுக் கழகம், பீல், சுவிற்சர்லாந்து’ என்று எழுத்துகள் வட்டமாக ஓட, நடுவில் ஒரு சூரியன். சூரியனுக்கு எத்தனை கதிர் என்பதற்கே இரண்டு கூட்டம் போனது. ஏழு என்றது ஒரு கட்சி. ஒன்பது என்றது மற்றக் கட்சி. கடைசியில் முத்திரை வெட்டிய சுவிஸ்காரன் யாரையும் கேட்காமல் எட்டு வைத்துக் கொடுத்தான். அவனுக்கு அதுதான் சுகமாக இருந்ததாம்.

இது எண்பத்தைந்தாம் ஆண்டு. அந்த இரண்டு கூட்டங்களிலும் குலேந்திரன் பின்வரிசையில் இருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. பகலெல்லாம் கடிகாரத் தொழிற்சாலையில், ஒரு கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு, மணிமுள்ளையும் நிமிடமுள்ளையும் இடுக்கியால் எடுத்துப் பூட்டுகிற வேலை. பக்கத்து மேசைக்காரிக்குக்கூட அவனுடைய பெயர் தெரியாது. யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணியின் நடு ஆட்டக்காரனாக இருந்த காலத்தில், சந்தைக்குப் போனால் மீன் விற்பவர்கூட அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நல்ல மீனாகப் பார்த்துத் தருவார்.

கழகத்துக்குத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா. ஊரில் காணிக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். பீலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். ஆனால் கூட்டத்துக்கு வரும்போது சட்டைப்பையில் மூன்று பேனா இருக்கும். போஷகர், அதாவது புரவலர், சச்சிதானந்தன். தெருப் போடுகிற கம்பனியில் வேலை. உரத்த குரல், அகன்ற கை. இவர்களுக்குக் கீழே உபதலைவர் இரண்டு பேர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர் என்று மொத்தம் பதின்மூன்று பேர். விளையாட வந்த பையன்கள் ஒன்பது பேர். ஒன்பது ஆட்டுக்குப் பதின்மூன்று மேய்ப்பன் என்று குலேந்திரன் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். பயிற்சி கொடுக்க ஆள் வேண்டுமே என்ற எண்ணம் கடைசியாகத்தான் அவர்களுக்கு வந்தது. பின்வரிசையில் அவன் இருந்தான். கையைக் காட்டினார்கள்.

அந்த வருடங்களில் சுவிஸ் முழுக்கத் தமிழ்க் கழகங்கள் கார்த்திகை மழைக்குக் காளான் முளைத்தமாதிரி முளைத்தன. லுசேர்ணில் ஹோட்டல் குசினிப் பையன்கள் ஒரு கழகம் தொடங்கினார்கள். பதினொரு பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைத்தால்தான் ஆட்டம். அப்படி வருடத்துக்கு நான்கு நாள் கிடைத்தது. அந்த நான்கு நாளிலும் தலைமைச் சமையல்காரருக்குப் பந்து கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை உருளைக்கிழங்கு மூட்டை உங்களுடையது. எங்கடின் மலைப்பள்ளத்தாக்கிலும் ஒரு கழகம் இருந்தது. ஹோட்டல்கள் மூடியிருக்கும் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் மட்டும் அதற்கு உயிர் இருக்கும். மற்ற மாதங்களில் அது கடித உறையில் மாத்திரம் வாழ்ந்தது. ஒரு கழகம் எழும்பக் கெட்டிக்காரப் பையன்கள் நாலைந்து பேர் வேண்டும், விழுவதற்கு ஒரு கிண்ணம் போதும் என்பதைக் குலேந்திரன் சீக்கிரமே கண்டுகொண்டான். கிண்ணம் வந்ததும் அதை யாருடைய வீட்டு அலுமாரியில் வைப்பது என்ற கேள்வி வரும். அடுத்த மாதம் இரண்டு கழகம் இருக்கும், இரண்டுக்கும் கடிதத்தலைப்பு இருக்கும், ஆறு ஆறு பையன்கள் இருப்பார்கள்.

அதனால்தான் அவன் வேறு வழி பார்த்தான். தமிழருக்குள் சுற்றிச்சுற்றிக் கிண்ணம் பறிக்கிற வேலையே வேண்டாம். இத்தாலியருக்கும் ஸ்பானியருக்கும் இந்த நகரத்தில் கழகம் இருக்கிறது, அவர்கள் சுவிஸ்காரரோடு லீக்கில் ஆடுகிறார்கள், நாங்களும் ஆடுவோம் என்று நினைத்தான். அதற்குச் சொந்தமாக ஒரு மைதானம் காட்ட வேண்டும்.

ஏரிப்பக்கத்து மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர் மோசர் என்ற கிழவர். மூன்று சனிக்கிழமை குலேந்திரன் வேலிக்கு வெளியே நின்று அவர் புல் வெட்டுவதைப் பார்த்தான். நாலாவது சனிக்கிழமை மோசர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார். அவன் தொழிற்சாலைப் பிரெஞ்சும் வகுப்பு ஜெர்மனுமாகக் கலந்து சொன்னான். மோசர் நகரசபைக்கு யாரிடம் எழுதவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அனுமதி வந்த அன்று அவனைக் கொட்டிலுக்குள் கூட்டிப்போய்ச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு பழைய வரைபடத்தைக் காட்டினார். அதில் நீலக் கோடு ஒன்று, மைதானத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, நடுக்கோட்டின் கீழேயே ஓடியது. தண்ணீர்க் குழாய். பழைய இரும்பு.

“ஒரு முழங்கை ஆழம்தான்,” என்று மோசர் தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினார். “விளையாடு, விழு, புரள். புல்லுக்குள் மட்டும் ஒன்றும் குத்தாதே.”

பந்துக்குக் காற்றடிக்க வந்திருந்த றேமன்ட் என்ற பையன், வரைபடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணை, எங்கட ஊர்க் குளத்து வாய்க்கால்மாதிரி கீறியிருக்கு,” என்றான். மன்னார்ப் பையன். சித்தப்பனோடு வந்து இருந்தான். பதினைந்து வயதில் இரண்டு காலாலும் ஒரேமாதிரி உதைத்தான். பந்து அவனிடம் வந்தால் குலேந்திரன் மூச்சு விட மறந்துபோவான்.

அதற்குப் பிறகு கழகம் எழும்பியது, உண்மையாகவே எழும்பியது. முதல் வருடம் இளையோர் லீக்கின் கடைசிப் பிரிவில் கடைசி இடம். பன்னிரண்டு கோல் வாங்கிய நாளும் இருந்தது. இரண்டாம் வருடம் நடுவில் வந்தார்கள். மூன்றாம் வருடம், எண்பத்தெட்டு ஆனி மாதம், கடைசி ஆட்டத்துக்கு முன் மேலே இரண்டே அணிகள் இருந்தன. ஒன்று இளங்கதிர். மற்றது மலைக்கு மேலேயுள்ள ஓர் ஊரின் அணி. கடைசி ஆட்டம் அந்த இரண்டுக்குமிடையில்தான், அதுவும் ஏரிப்பக்கத்து மைதானத்தில். சமநிலை வந்தாலே போதும், பிரிவு ஏறிவிடலாம். மூன்று வருடமாகக் குலேந்திரன் கேட்டது இது ஒன்றைத்தான்.

இந்த மூன்று வருடத்தில் ஒருநாளாவது மழையில் நின்று ஆட்டம் பார்த்திராத பதின்மூன்று பேருக்கும் அந்தக் கிழமை திடீரென்று கழகம் ஞாபகம் வந்தது.

கூட்டம் தலைவர் வீட்டுக் குசினியில் நடந்தது. தலைவரின் மனைவி கலாவதி மேசையின் ஒரு மூலையில் தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு இருந்தாள்.

“கொடி ஏத்தாமல் ஒரு இறுதி ஆட்டமோ?” என்று ஸ்ரீஸ்கந்தராஜா தொடங்கினார். “சனம் என்ன சொல்லும்?”

“அண்ணை, இது ஊர் விளையாட்டுப் போட்டியில்லை, லீக் மச்,” என்றான் குலேந்திரன். “றெபரி வருவார், பெடியளின்ர அடையாள அட்டையைப் பாப்பார், விசில் ஊதுவார். அவ்வளவுதான்.”

“நீர் விளையாட்டைப் பாரும் தம்பி. நிர்வாகத்தை நாங்கள் பாப்பம்.”

கொடியை யார் ஏற்றுவது என்பதில் ஒரு மணித்தியாலம் போனது. தலைவர்தான் ஏற்றுவது வழக்கம் என்றார் தலைவர். போஷகர் இருக்கிற இடத்தில் தலைவர் ஏற்றுவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார் சச்சிதானந்தன்.

“எட்டுக் கதிருக்கு ஒத்துக்கொண்டு கழகம் உடையாமல் காப்பாத்தினது ஆர்? ஒன்பது கேட்ட நான்!”

“நானும்தான் ஏழில இருந்து ஏறி வந்தனான்!”

“நீர் ஒரு கதிர் ஏறினீர், நான் ஒரு கதிர் இறங்கினன். இறங்கிறதுதான் ஐசே கஷ்டம்!”

கடைசியில் இரண்டு கொடி என்று முடிவானது. கழகக் கொடியைத் தலைவர் ஏற்றுவார். போட்டிக் கொடியைப் போஷகர் ஏற்றுவார். ஒரே நேரம், ஒரே உயரம். போட்டிக் கொடி என்று ஒன்று உலகத்தில் இருப்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரியவந்தது.

“ஏழு பெடியளின்ர சப்பாத்து வாயைப் பிளந்துகொண்டு கிடக்கு,” என்றாள் கலாவதி, நூலைப் பல்லால் கடித்தபடி. “உங்களுக்கு ரண்டு கொடி.”

“நீ தைக்கிறதைத் தை.”

“தைக்கிறன். ஒண்டு மற்றதைவிட விரலளவு கூடினாலும் என்ர தலைக்குத்தானே வரும். அளந்து தாங்கோ.”

குலேந்திரன் கடைசி முயற்சியாக, கம்பங்களை வேலியில் கட்டலாம் என்றான்.

“வேலியில கட்டிறதோ? தோட்டத்தில வெருளி கட்டிறமாதிரி?” என்று சச்சிதானந்தன் கையை ஓங்கினார். “நடு மைதானத்தில நட்டு, ஏத்திப்போட்டு, ஆட்டம் துவங்க முன்னம் பிடுங்கிப்போட்டால் சரி.”

“புல்லுக்குள்ள ஒண்டும் குத்தக்கூடாதெண்டு மோசர் சொன்னவர்.”

“ஞாயிற்றுக்கிழமை மோசருக்கு லீவு. வேலிக் கதவின்ர திறப்பு உம்மட்டைத்தானே?”

குலேந்திரன் நீலக் கோட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்துத் தலைவர் அவனுடைய தோளில் கையைப் போட்டார்.

“உம்மை மறப்பமோ? உமக்கெண்டு ஒரு பொன்னாடை எடுத்து வைச்சிருக்கு. ரண்டு கொடிக்கும் நடுவில நீர் நிக்கிறீர். ‘கழகத்தை இந்த நிலைக்குக் கொண்டுவந்த பயிற்றுநர் குலேந்திரன் அவர்கள்’ எண்டு லவுட்ஸ்பீக்கரில கூப்பிடுறம்.”

குலேந்திரன் வாயை மூடிக்கொண்டான். நீலக் கோடு எப்படியும் கொஞ்சம் தள்ளித்தான் போகும், பழைய வரைபடம்தானே என்று நினைத்துக்கொண்டான். வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸின் கண்ணாடியில் தன் முகத்தை ஒருமுறை பார்த்தான்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவன் வேலிக் கதவைத் திறந்துவிட்டான். ஏரியில் இருந்து வந்த பனிப்புகார் முழங்கால் உயரத்துக்கு நின்றது. சச்சிதானந்தன் வேலைத்தலத்தில் இருந்து அலவாங்குமாதிரி ஓர் இரும்புக் கம்பியும் அளவு நாடாவும் கொண்டுவந்திருந்தார். நடுக்கோட்டின் மேல், நடுப்புள்ளிக்கு இந்தப் பக்கம் மூன்று மீற்றர், அந்தப் பக்கம் மூன்று மீற்றர். ஸ்ரீஸ்கந்தராஜா பின்னால் நின்று நாடாவைச் சரிபார்த்தார். தன்னுடைய கொடி ஒரு விரல் ஒதுங்கிப் போய்விடக்கூடாதே!

முதல் குழி தலைவருடையது. ஓரடி ஆழம்; மண், வேர், கொஞ்சம் கல், அவ்வளவுதான். இரண்டாவது போஷகருடையது. தன் கொடிக்குத் தானே குழி தோண்டினார். ஒன்றரை அடி போனதும் கம்பி ‘டங்’ என்றது.

“கல்லு,” என்று சொல்லி இன்னும் பலமாகக் குத்தினார். மறுபடியும் ‘டங்’. மூன்றாவது குத்துக்குக் குழியின் அடியில் ஈரம் கசிந்தது. பிறகு சிரட்டையளவு தண்ணீர் நின்றது.

“தண்ணி!” என்று சச்சிதானந்தன் எழும்பி நின்று கத்தினார். “ஒரு முழத்தில தண்ணி! ஊரில இப்பிடி ஒரு கிணறு வாய்ச்சிருந்தா நான் ஏன் இஞ்ச வந்து தார் ஊத்திறன்?”

“கொடி நடேக்க தண்ணி காணிறது நல்ல சகுனம்,” என்றார் தலைவர். ஆனால் தன் குழியில் காணவில்லையே என்று அவருடைய முகம் கொஞ்சம் வாடியது. தன்னுடையதையும் இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாமோ என்று கேட்டார்.

குலேந்திரன் குனிந்து பார்த்தான். ஏரி ஊற்று கலங்கலாக இருக்கும். இது குடிக்கிற தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. கொட்டில் ஐம்பது அடி தூரத்தில்தான் இருந்தது. உள்ளே போய்ப் பெரிய வால்வைப் பூட்டிவிட்டு, தொலைபேசியில் மோசரைக் கூப்பிட்டால், கிழவர் ஏசியேசி இரண்டு மணித்தியாலத்தில் அடைத்துவிடுவார். கொடி இருக்காது. ஆட்டம் இருக்கும். ஒலிபெருக்கி, பொன்னாடை ஒன்றும் இருக்காது.

“என்ன தம்பி, பாத்துக்கொண்டு நிக்கிறீர்?”

“ஒண்டுமில்லை அண்ணை,” என்றான். “ஏரிப்பக்கம்தானே. ஊறும்.”

கம்பத்தை இறக்கி, கல்லும் களிமண்ணும் போட்டு இடித்து இறுக்கினார்கள். தண்ணீர் நின்றுவிட்டது. குலேந்திரன் நிமிர்ந்தபோது, வேலிப்பக்கம் றேமன்ட் பந்துப்பையைத் தோளில் போட்டபடி நின்றான். வழக்கமாக அவன்தான் முதலில் வருவான்.

இரண்டரை மணிக்கு ஆட்டம். ஒன்றரைக்குத் தொடங்கிய விழா இரண்டரைக்கும் முடியவில்லை. லுசேர்ணில் இருந்து வந்த பிரமுகர் ஒருவர், விளையாட்டு ஒற்றுமையை வளர்க்கும் என்று இருபது நிமிடம் பேசினார். கொடிகள் இரண்டும் ஒரே நேரத்தில் ஏறின. தலைவர் ஓரக்கண்ணால் போஷகரின் கொடியைப் பார்த்தார். போஷகர் தலைவரின் கொடியைப் பார்த்தார். தங்கள் கொடியை இரண்டு பேரும் பார்க்கவில்லை. பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது. “பயிற்றுநர் குலேந்திரன் அவர்கள்.” அவனுடைய பெயர் மைதானத்தைத் தாண்டி ஏரிக்கு மேல் போனது. பொன்னாடை தோளில் விழுந்தது. அந்த அரை நிமிடம் அவனுக்கு மிக நன்றாக இருந்தது.

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடுவட்டத்துக்கு வந்து, இவை என்ன என்று கேட்டார். உடனே எடுக்கச் சொன்னார். தலைவரின் கம்பம் சும்மா வந்துவிட்டது. போஷகரின் கம்பம் வரவில்லை. நாலு பேர் பிடித்து, அம்மிக்குழவியைப்போல முன்னும் பின்னும் ஆட்டினார்கள். பூமிக்குள் ஏதோ முறியும் சத்தம் கேட்டது. கம்பம் கிளம்பியது. அதன் பின்னால் தண்ணீர், மூன்று ஆள் உயரத்துக்கு.

மலையூர்ப் பையன்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு கைதட்டினார்கள். ஒருவன் ஓடிவந்து சறுக்கி விளையாடினான். பிரமுகர் நாற்காலியைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்தார். ஒலிபெருக்கியில் யாரோ “அமைதி, அமைதி” என்றார்கள். தண்ணீர் அதைக் கேட்கவில்லை. குலேந்திரன் ஓடிப்போய் வால்வைப் பூட்டியபோது நடுவட்டம் வாத்து விடலாம் என்ற நிலையில் இருந்தது. நடுவர் அரை மணித்தியாலம் பொறுத்திருந்து, பந்தை ஒருமுறை போட்டுப் பார்த்தார். பந்து எழும்பவில்லை. புத்தகத்தை எடுத்து எழுதினார். ஆட்டம் எதிரணிக்கு, மூன்றுக்குச் சுழியம். பையன்கள் சப்பாத்து நாடா கட்டியபடியே வாங்குப் பலகையில் வரிசையாக இருந்தார்கள். ஒருவனும் அவிழ்க்கவில்லை.

மோசர் தேவாலயத்துக்குப் போட்ட கோட்டோடு வந்தார். ஏசவில்லை. குழியைப் பார்த்தார். கொட்டிலுக்குள் வந்து வரைபடத்தின் முன் நின்றார்.

“இதை உனக்குக் காட்டினேனே,” என்றார்.

“எனக்குச் சொல்லாமல் செய்துவிட்டார்கள்,” என்றான் குலேந்திரன். “நான் வந்தபோது நட்டு முடிந்திருந்தது. இவர்களைப்பற்றி உங்களுக்குத் தெரியாது. மூளையில்லாத மனிதர்கள்.”

சொல்லும்போது அவனுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. திரும்பினால், வாசலில் பந்துப்பையோடு றேமன்ட். இரண்டரை வருடமாக மோசரோடு பழகி, அவருடைய பேச்சு அந்தப் பையனுக்கு நன்றாக விளங்கும்.

“பந்துகளை எங்க வைக்கிறது அண்ணை?” என்று றேமன்ட் கேட்டான்.

“அங்க, மூலையில.”

பையன் வைத்தான். போனான்.

நகரசபை மைதானத்தைத் திருப்பி எடுத்தது. மைதானம் இல்லாத கழகத்தை லீக் அடுத்த வருடத்துக்குப் பதியவில்லை. குழாய் உடைந்தது போஷகரின் குழியில் என்றார் தலைவர். இரண்டு கொடி என்று வந்ததே தலைவரின் பிடிவாதத்தால் என்றார் போஷகர். மற்றவர்களுடைய மடத்தனத்தைக் குலேந்திரன் சந்தித்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான். கதை அவனிடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொழுத்தது. ஆடி மாதத்துக்குள் இரண்டு கழகம் ஆகிவிட்டது. தலைவருடையது ‘இளங்கதிர்’. உடைத்துக்கொண்டு போனது ‘ஐக்கிய இளங்கதிர்’. இரண்டுக்கும் புது முத்திரை. ஒன்றில் ஏழு கதிர், மற்றதில் ஒன்பது.

றேமன்டும் இன்னும் நாலு பேரும் மலையூர் அணிக்குப் போனார்கள்.

புரட்டாதியில் அந்த அணி நகரத்து அணியொன்றோடு ஏரிப்பக்கத்து மைதானத்துக்கு ஆட வந்தது. குலேந்திரன் பழையபடி வேலிக்கு வெளியே நின்றான். மோசர் குழிகளை மூடிப் புல் பதித்திருந்தார். அந்த இரண்டு இடமும் மற்றதைவிடக் கொஞ்சம் கரும்பச்சையாகத் தெரிந்தன. றேமன்ட் பந்தோடு அந்த இடங்களுக்கு மேலாகவே ஓடினான், ஒரு கோல் அடித்தான். ஆட்டம் முடிந்து வேலியைத் தாண்டிப் போகும்போது, “சுகமோ அண்ணை?” என்று கேட்டான். மரியாதையான குரல்தான். தெருவில் யாரையும் கேட்கிறமாதிரி. குலேந்திரன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், “ட்ரெய்னர்!” என்று முன்னால் போன சுவிஸ்காரனைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினான்.

அடுத்த திங்கட்கிழமை வேலை விட்டு வரும்போது, தொழிற்சாலை வாசலில் சச்சிதானந்தன் சைக்கிளோடு நின்றார்.

“உம்மைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன். ஐக்கிய இளங்கதிருக்கு நீர்தான் பயிற்றுநர். ஏகமனதாத் தீர்மானிச்சாச்சு.”

“எத்தினை பெடியள் இருக்கினம்?”

“பெடியளைப் பிறகு பாப்பம். வாற மாதம் அங்குரார்ப்பண விழா. கொடி தைச்சாச்சு.”

குலேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. மைதானம் இல்லை, பையன் இல்லை, பந்தும் இல்லை, கொடி இருக்கிறது. இந்த மனிதரின் முகத்துக்கு நேரே சொல்லவேண்டியதை எல்லாம் மூன்று மாதமாக அவன் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தான்.

“இந்தமுறை ஒரு சண்டையும் வராது,” என்று சச்சிதானந்தன் குரலைத் தாழ்த்தினார். “ஒரே கொடி. ஏத்திறது நீர்.”

பஸ் வந்து நின்றது, ஆட்களை ஏற்றியது, போனது. உருப்பெருக்கி அழுத்திய வட்டம் குலேந்திரனின் கண்ணைச் சுற்றி இன்னும் சிவப்பாக இருந்தது. அவன் அதைத் தடவிக்கொண்டான்.

“லவுட்ஸ்பீக்கர் இருக்கோ?” என்று கேட்டான்.